எந்தப் பழனிசாமியின் கட்டுரை? உயிர்மருத்துவ ஆய்வாளரின் மேற்கோள் கணக்கு எடுப்பது பற்றி

நொய்யல்கரை:
ஏனுங்க, இதில் பழக்கமுள்ளவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க. மூத்த உயிர்மருத்துவ ஆய்வாளர் ஒருவரின் ஆய்வுப் பணியைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு தயாராக வேண்டும். தேர்வுக் குழு பார்க்கப்போவது. துறை நுண்ணுயிரியல், முதல் கட்டுரை 2009-இல். இவர் கட்டுரைகளை மற்ற கட்டுரைகள் எத்தனை தடவை மேற்கோள் காட்டியிருக்கு என்பதை வைத்துப் போடும் எச்-இண்டெக்ஸ் எண், கட்டுரைகளைத் தொகுக்கும் தளங்களான கூகுள் ஸ்காலரில் 24, ஸ்கோபஸில் 17, வெப் ஆஃப் சயின்ஸில் 14 என்று காட்டுது. இதில் எதை எழுதுவது? கூகுளில் 131 கட்டுரை இருக்கு, ஸ்கோபஸில் 68 தான். ஏறக்குறைய பாதியாக எப்படிக் குறையும்? அவருக்கும் குறை வரக்கூடாது, குழுவுக்கும் தப்பான கணக்கு போகக்கூடாது.

அலமாரி:
மூன்றும் சரியான எண்களே. எண்ணிய குவியல்தான் வேறு வேறு. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு (இதழ் ஏற்கும் முன்பே இணையத்தில் ஏற்றியது), மாநாட்டு மலர், கல்லூரித் தளத்தில் ஏற்றிய பி.டி.எஃப் என்று கண்ணில் படும் எல்லாவற்றிலும் உள்ள மேற்கோளை எண்ணும். ஸ்கோபஸ் தன் பட்டியலில் சேர்த்த ஆய்விதழ்களையும் சில நூல்களையும் மட்டும் எண்ணும். வெப் ஆஃப் சயின்ஸ் இன்னும் இறுக்கம். நிறுவனம் எந்த ஆண்டு முதல் சந்தா கட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தும் அதில் எண் மாறும். ஒரே குறிப்புக்குள் ஒரே தளம், தளத்தின் பெயர், எண் எடுத்த தேதி. இவை மூன்றும் இல்லாத எச்-இண்டெக்ஸைக் குறிப்பில் சேர்க்கவே கூடாது.

ஆனால் எண்ணுக்குப் போவதற்கு முன்பு கட்டுரைப் பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டும். நம் பக்கத்தில் பெரும்பாலான தவறு அங்கேதான் நடக்கிறது. காரணம் நம் பெயர் முறை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனார் பெயரின் முதலெழுத்துத்தான். ஆய்விதழின் படிவமோ முதற்பெயர், கடைப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். க. செந்தில்குமார் என்பவர் ஒரு கட்டுரையில் ‘செந்தில்குமார் கே’ ஆவார். பெயரைப் பிரித்து எழுதிவிட்டால் ‘குமார் கே எஸ்’ ஆவார். கடைப்பெயர்க் கட்டத்தில் முதலெழுத்தைப் போட்டுவிட்டால் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் வெறும் ‘கே எஸ்’ என்று விழுவார். அப்படி விழுந்த கட்டுரையைப் பெயர் வைத்துத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. பழனிசாமி, கந்தசாமி, பொன்னுசாமி என்றால் ஆங்கிலத்தில் ‘சாமி’யும் உண்டு, ‘டபிள்யூ’ போட்ட ‘ஸ்வாமி’யும் உண்டு. திருமணத்துக்குப் பின் முதலெழுத்தை மாற்றிக்கொண்ட பெண் ஆய்வாளர்களின் பணி இரண்டு ஆளாகப் பிரிந்து கிடக்கும்.

ஆகவே முதலில் அவரிடமே ஒரு கேள்வி: இதுவரை எந்தெந்த எழுத்தில் பெயர் வந்திருக்கிறது, எந்தெந்த நிறுவன முகவரியில் வந்திருக்கிறது? அந்த விடை வரும்வரை தேடலைத் தொடங்க வேண்டாம்.

சேர்வராயன்:
முகவரி வைத்துத் தேடுவதில் உள்ள குழிகளையும் சொல்லிவிடுகிறேன். பப்மெட்டில் 2014-க்கு முந்தைய கட்டுரைகளில் பொதுவாக முதல் ஆசிரியரின் முகவரி மட்டும்தான் பதிவாகியிருக்கும். அதன் பிறகுதான் எல்லா ஆசிரியர்களின் முகவரியும் வருகிறது. 2009-இல் தொடங்கியவர் என்றால், முதல் ஐந்து வருடக் கட்டுரைகளில் அவர் நடுவில் இருந்தவை ஊர்ப் பெயர்த் தேடலில் சிக்காது. அவற்றைப் பெயர் வைத்துத்தான் எடுக்கணும்.

சேலம் முகவரிக்காரர் என்றால் இன்னும் கவனம். சேலம் என்று மட்டும் முகவரிப் புலத்தில் போட்டால் அமெரிக்காவின் வின்ஸ்டன்-சேலம் ஊர் மருத்துவப் பள்ளிக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். வர்ஜீனியாவில் ஒரு சேலம், ஆரிகனில் ஒரு சேலம் வேறு. கூடவே இந்தியா அல்லது தமிழ்நாடு என்று சேர்க்கணும். தமிழ்நாட்டை ஒரே சொல்லாகவும் எழுதியிருப்பார்கள், இரண்டாகப் பிரித்தும் எழுதியிருப்பார்கள். ஈரோட்டுக்கு வேறு சிக்கல். ஆங்கிலத்தில் அதே எழுத்துக்களுக்கு அரித்தல் என்று பொருள், ஆகவே ‘முகவரியில் மட்டும் தேடு’ என்ற புலக்குறி போடாமல் தேடினால் பல் எனாமல் அரிப்பு, எலும்பு அரிப்பு எல்லாம் வந்து நிற்கும். ஊர்ப் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்புக்குள் ஏ.டி. போட்டே ஆகணும்.

பின்கோடு கைகொடுக்கும், ஆனால் 641004 என்று சேர்த்தும் இருக்கும், 641 004 என்று இடைவெளி விட்டும் இருக்கும். 641 போட்டு நட்சத்திரக் குறி வைத்தால் எல்லாம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பப்மெட்டில் நட்சத்திரத்துக்கு முன் குறைந்தது 4 எழுத்து வேண்டும்.

நொய்யல்கரை:
சேலம் விஷயம் நல்லவேளை சொன்னீங்க. இவர் கோவை, பெருந்துறை, நடுவில் இரண்டு வருடம் வெளிநாடு. ஸ்கோபஸில் மறுக்கா தேடினால் இவர் பெயரில் இன்னொரு பக்கம் 6 கட்டுரையோடு தனியாக நிற்குது. அதை ஒட்டுக்கா சேர்க்க முடியுங்களா?

அலமாரி:
முடியும். ஸ்கோபஸ் ஆசிரியர் பக்கத்திலேயே திருத்தக் கோரிக்கை வைக்கும் வழி இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் தேர்ந்து, முதன்மைப் பெயர் எது என்று குறித்து, கட்டுரைகளை ஒவ்வொன்றாக ஆம் இல்லை சொல்லி அனுப்ப வேண்டும். ஆய்வாளரே நிறுவன மின்னஞ்சலில் இருந்து அனுப்புவது நல்லது. உடனே நடக்காது, அதனால் குழு கூடுவதற்கு வெகு முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.

ஆர்க்கிட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் தர 2012 அக்டோபரில் தொடங்கிய இலவசப் பதிவு அது, 16 இலக்கம், கடைசி இடத்தில் சில பேருக்கு எக்ஸ் என்ற எழுத்து வரும். இருந்தால் பழைய கட்டுரைகளை ஸ்கோபஸ், யூரோப் பி.எம்.சி. இணைப்புகள் வழியாக இழுத்துக்கொள்ளலாம், கையால் தட்டச்ச வேண்டியதில்லை. பார்க்கும் உரிமை ‘எல்லோருக்கும்’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘நான் மட்டும்’ என்று விட்டுவிட்டுப் பக்கம் காலியாகத் தெரிகிறதே என்று வெசனப்படுபவர்கள் அதிகம். ஆர்க்கிட்டில் இருப்பதெல்லாம் சரிபார்த்தது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆய்வாளர் தானே சேர்த்ததும் அங்கே இருக்கும்.

எக்ஸெலில் அந்த எண்ணை இடைக்கோடு இல்லாமல் ஏற்றாதீர்கள். எக்ஸெல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும், பதினாறாவது இலக்கம் சுழியாகிவிடும். கட்டத்தை முதலிலேயே எழுத்து வகைக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

கூகுளில் 131 வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் தானாகச் சேர்க்கும் அமைப்பு. பெயர் ஒத்தால் யாருடைய கட்டுரையையும் இழுத்துக்கொள்ளும். ‘என்னைக் கேட்டுச் சேர்’ என்ற தேர்வுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரே கட்டுரை முன்பதிப்பாகவும் அச்சிலும் தனித்தனியாக நிற்கும், இரண்டுக்கும் டி.ஓ.ஐ. என்ற கட்டுரை அடையாள எண் வேறு என்பதால் எண்ணை வைத்து வடிகட்டினால் சிக்காது, தலைப்பை அகர வரிசைப்படுத்திக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். திருத்தக் குறிப்பு, மாநாட்டுச் சுருக்கம் இரண்டையும் கட்டுரைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கரூர்க் கணக்கு:
எச்-இண்டெக்ஸ் என்ன சொல்கிறது என்பதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்ப்போம். இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் சொன்னது. எச் கட்டுரைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது எச் மேற்கோள் இருக்க வேண்டும்.

12 கட்டுரை உள்ள ஒருவரின் மேற்கோள்களை இறங்கு வரிசையில் வைக்கிறேன்: 412, 96, 61, 40, 33, 21, 17, 12, 9, 9, 4, 0. ஒன்பதாவது இடத்தில் 9 இருக்கிறது. பத்தாவது இடத்திலும் 9, அது 10-ஐ எட்டவில்லை. எச் 9. பத்தும் அதற்கு மேலும் மேற்கோள் உள்ளவை 8, ஆகவே கூகுள் காட்டும் ஐ10 எண் 8. மொத்தம் 714.

இப்போது 412 உள்ள கட்டுரையை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். மொத்தம் 302-க்கு இறங்கிவிடும். எச்? மீதி 11-ஐ மறுபடி வரிசைப்படுத்தினால் எட்டாவது இடத்தில் 9, ஒன்பதாவதிலும் 9. எச் அதே 9. மொத்த மேற்கோளில் 58 சதவீதம் தந்த கட்டுரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எச்சுக்கு ஒன்றுதான்.

மாறாக, பழைய பட்டியலில் கடைசி இரண்டு ஒன்பதுகளில் ஒன்றில் 1, மற்றதில் 2 தன்மேற்கோள் (அவரே தன் கட்டுரையைக் காட்டியது) என்று கழித்தால் 8, 7 ஆகும். எச் 8-க்கு இறங்கும். எல்லைக்கோட்டில் நிற்கும் கட்டுரைக்கு மூன்று மேற்கோள் சேர்த்தால் எச் ஏறும் என்பது தெரிந்தவர்கள் அங்கேயே தன்மேற்கோளைக் குவிக்கிறார்கள். ஆகவே எச்சைச் சுற்றி மேலே மூன்று, கீழே மூன்று கட்டுரையின் மேற்கோள் யாரிடமிருந்து வந்தது என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கும்.

ஆனைமலை:
அந்த 412 எதுக்கு வந்ததுன்னும் பார்க்கணுமுங்க. உயிர்வேதியியலில் அதிக மேற்கோள் வாங்கினது எது? 1951-இல் ஆலிவர் லௌரியும் கூட்டாளிகளும் புரதத்தை அளக்கும் முறை பற்றி எழுதினது. 2014-இல் நேச்சர் இதழ் உலகின் முதல் நூறு கட்டுரைகளைப் பட்டியல் போட்டப்ப அது 3 லட்சத்தைத் தாண்டி முதலிடத்தில் இருந்துச்சு. அடுத்தது 1970-இல் லேம்லி எழுதினது, அதுக்கடுத்தது 1976-இல் பிராட்ஃபோர்டு எழுதினது. புரதத்தை ஜெல்லில் ஓட்டிப் பிரிக்கறவங்களும் அளக்கறவங்களும் இன்னைக்கும் அதைத்தான் காட்டறாங்க. நம்ம எல்லாப்ரகட சுப்பாராவ் ஃபிஸ்கேவோட சேர்ந்து 1925-இல் எழுதின பாஸ்பரஸ் அளக்கும் முறையும் அந்த வகைதான். முறைக் கட்டுரைக்கு மேற்கோள் அதிகம் விழும். அதுக்குப் பயன் இல்லைன்னு சொல்ல வரலை, பெரிய பயன் அது. ஆனா நோய்க்காரணம் கண்டுபிடிச்ச கட்டுரையோட அதை ஒரே கோலில் அளக்கக் கூடாது.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலிக்கும் கிழங்குக்கும் தனித்தனியாத்தான் ஏலம் போடுவாங்க, ஒரே சாக்கில் கலந்து விலை கேட்க மாட்டாங்க. இங்கேயும் மூல ஆய்வு, மீள்பார்வைக் கட்டுரை (மத்தவங்க ஆய்வைத் தொகுத்துச் சொல்றது), முறை, நோயாளர் அறிக்கை நாலையும் பிரிச்சு வைங்க. மீள்பார்வைக்கு மேற்கோள் கூட வரும், நோயாளர் அறிக்கைக்குக் குறையும், எந்தத் துறையானாலும் பொதுவா இப்படித்தான்.

கொல்லிமலை:
துறையும் பிரிக்க வேண்டும், அதில்தான் நம் பக்கத்து ஆய்வாளர்களுக்கு அநியாயம் நடக்கிறது. நாமக்கல்லில் கோழி நோய்க்குறியியல் செய்பவரையும் கோவையில் புற்றுநோய் மூலக்கூறு செய்பவரையும் எச்சை வைத்து ஒப்பிட்டால் முன்னவர் தோற்பது அவர் வேலையால் அல்ல. அவர் துறையில் எழுதுகிறவர்கள் தொகை குறைவு, கட்டுரைக்கு அவர்கள் காட்டும் மேற்கோளும் குறைவு. ஹிர்ஷே தன் கட்டுரையில் இதைக் காட்டியிருந்தார்: இயற்பியலில் உச்சத்தில் இருந்த எட்வர்ட் விட்டனுக்கு 110, உயிரியலில் சாலமன் ஸ்னைடருக்கு 191.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஸ்கோபஸ் சந்தா இருந்தால் துறை எடையிட்ட மேற்கோள் எண் கிடைக்கும். ஒரே ஆண்டு, ஒரே துறை, ஒரே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரி 1.00, வெளிவந்த ஆண்டும் அடுத்த மூன்று ஆண்டும் கணக்கு. சந்தா இல்லாவிட்டால் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.எச்.சின் ஐசைட் தளம் இலவசம். பப்மெட் எண்களை ஒட்டினால் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆர்.சி.ஆர். என்ற எண் தரும். 2016-இல் வந்த முறை. ஒரு கட்டுரையோடு சேர்த்து எவையெல்லாம் மேற்கோள் காட்டப்படுகின்றனவோ அவற்றையே அதன் துறையாகக் கொள்ளும். ஆண்டுக்கு 8 மேற்கோள் வாங்கிய கட்டுரைக்கு அந்தச் சூழலில் எதிர்பார்ப்பு 4 என்றால் ஆர்.சி.ஆர். 2.0. என்.ஐ.எச். நிதியில் வந்த கட்டுரைகளின் நடுமதிப்பு (வரிசையில் நடுவில் நிற்கும் எண்) 1.0 என்று வைத்திருப்பதால், நம் மாவட்ட நிலையில் 0.8 என்பதும் நல்ல எண்தான்.

இதிலும் பள்ளம் உண்டு. ஐசைட் பப்மெட்டுக்குள் இருப்பதை மட்டும் பார்க்கும். நம் கால்நடை மருத்துவ இதழ்களில் பல அதில் இல்லை, அங்கிருந்து வரும் மேற்கோள் கணக்கில் விழாது. சராசரியை எழுதாமல் நடுமதிப்பை எழுதுங்கள். ஒரே ஒரு பெரிய கட்டுரை சராசரியைத் தூக்கிவிடும்.

ஐசைட்டிலேயே இன்னொரு பத்தி இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. மருத்துவச் சோதனைக் கட்டுரைகளும் சிகிச்சை வழிகாட்டிகளும் இந்தக் கட்டுரையைக் காட்டியிருக்கின்றனவா என்று அது சொல்லும். உயிர்மருத்துவ ஆய்வாளருக்கு என் கணக்கில் எச்சை விட அதுவே பெரிது. ஆய்வகத்தில் பிறந்தது நோயாளி பக்கம் போயிற்றா என்பதற்கு நேரடித் தடயம்.

நொய்யல்கரை:
இவருடைய தன்விவரத்தில் ‘மொத்த இம்பாக்ட் ஃபாக்டர் 214’ என்று ஒரு வரி இருக்குங்க. அதைக் குறிப்பில் எடுத்துப் போடலாமா?

அலமாரி:
வேண்டாம். அது ஆய்விதழின் எண், ஆளின் எண் அல்ல. ஒரு இதழ் 2022-இல் 120, 2023-இல் 130 கட்டுரை வெளியிட்டது என்று வையுங்கள். அந்த 250-ஐயும் 2024-இல் வந்த கட்டுரைகள் 600 தடவை காட்டினால் 2024-க்கான இம்பாக்ட் ஃபாக்டர் 600-ஐ 250-ஆல் வகுத்த 2.4. தலையங்கம், கடிதம் போன்றவை கீழே வகுக்கும் எண்ணிக்கையில் சேராது, ஆனால் அவற்றுக்கு வந்த மேற்கோள் மேலே சேர்ந்துவிடும். இதழில் நாலைந்து கட்டுரை பெரும்பங்கு மேற்கோளை வாங்க, பெரும்பாலானவை சராசரிக்குக் கீழே கிடக்கும். அப்படிப்பட்ட சராசரிகளைக் கூட்டி 214 என்றால், கணக்கே இல்லாத ஒன்றுக்கு எண் கொடுத்தது போல. 2012 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் உருவான டோரா அறிக்கை, தனி ஆய்வாளரை எடைபோட இதழ் எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்றே முதலில் சொல்கிறது. 2015-இல் வந்த லைடன் அறிக்கையின் பத்து நெறிகளும் அதே பக்கம்தான். குழுவில் யாராவது கேட்டால் இவ்விரண்டையும் காட்டுங்கள்.

ஆனைமலை:
ஆசிரியர் வரிசையை யாரும் சொல்லலையே. உயிர்மருத்துவத்தில் முதல் பேர் பெரும்பாலும் கையால் வேலை செஞ்சவருது, கடைசிப் பேர் ஆய்வகத்தையும் நிதியையும் நடத்தினவருது. நடுவில் இருக்கிறவங்க ஒரு மாதிரி கொடுத்தவங்களா இருக்கலாம், புள்ளியியல் முழுசும் போட்டவங்களாவும் இருக்கலாம். 2015-க்குப் பின்னால வந்த கட்டுரைகளில் ‘ஆசிரியர் பங்களிப்பு’ பகுதி இருந்தா அதை எடுத்துப் படிங்க. கிரெடிட் முறையில் 14 வகைப் பங்கு பிரிச்சிருப்பாங்க.

பெரிய கூட்டுக் கட்டுரைகளில் கவனம். உலக நோய்ச்சுமை ஆய்வு மாதிரி நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து எழுதினது ஒவ்வொண்ணும் ஆயிரக்கணக்கில் மேற்கோள் வாங்கும். அதில் நாலைஞ்சில் பேர் இருந்தாப் போதும், மொத்த மேற்கோள் எங்கேயோ போயிரும். அதைத் தள்ளிவிடச் சொல்லலை, அதுவும் உழைப்புத்தான். தனி வரியில் ‘50 பேருக்கு மேல் எழுதியவை’ன்னு பிரிச்சுக் காட்டிருங்க.

சேர்வராயன்:
இதைத்தான் உலகின் முதல் 2 சதவீத ஆய்வாளர்களின் ஸ்டான்ஃபோர்டு பட்டியல் என்று ஊரெல்லாம் ஃபிளெக்ஸ் வைக்கிறார்களே, அதன் உள்கணக்கு ஓரளவு சரிசெய்கிறது. ஜான் அயோனிடிஸ் குழு 2019 முதல் ஸ்கோபஸ் தரவை வைத்து வெளியிடுவது. ஆறு எண்களைச் சேர்க்கிறார்கள்: மொத்த மேற்கோள், எச், கூட்டாசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்பக் குறைத்த எச்.எம்., தனியாக எழுதியவற்றின் மேற்கோள், தனி அல்லது முதல் ஆசிரியராக எழுதியவற்றின் மேற்கோள், தனி, முதல் அல்லது கடைசி ஆசிரியராக எழுதியவற்றின் மேற்கோள். ஒவ்வொன்றையும் மடக்கை எடுத்து, உச்ச மதிப்பால் வகுத்துக் கூட்டுவது. நடுப் பெயராக மட்டும் இருந்தவர் மேலே வர முடியாது.

இரண்டு தனி அட்டவணை உண்டு: வாழ்நாள் முழுவதற்கும் ஒன்று, ஒரே ஆண்டுக்கு ஒன்று. தன்விவரத்தில் ‘2 சதவீதப் பட்டியல்’ என்று மொட்டையாக இருந்தால் எது என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. இது விருது அல்ல, விண்ணப்பமும் இல்லை, கட்டணமும் இல்லை; யாரும் இறக்கிப் பார்க்கலாம். பணம் கட்டச் சொல்லித் தரவரிசை தரும் தளங்களின் சான்றிதழை இதோடு சேர்த்து எழுதிவிடாதீர்கள்.

கரூர்க் கணக்கு:
தன்மேற்கோளுக்கு ஒரு அளவுகோல். 2019-இல் நேச்சர் எழுதிய பகுப்பாய்வில், அந்தப் பட்டியலில் உள்ளவர்களின் தன்மேற்கோள் நடுமதிப்பு 12.7 சதவீதம். ஸ்கோபஸ் மேற்கோள் அட்டவணையில் இரண்டு கழித்தல் உண்டு: அந்த ஆசிரியர் தன்னைக் காட்டியது மட்டும், அல்லது எல்லாக் கூட்டாசிரியர்களும் காட்டியது சேர்த்து. இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள், முதலாவது மாணவர் வழியாக வருவதைப் பிடிக்காது. 15 சதவீதம் என்றால் இயல்பு. ஒரே நோய்க்கிருமியில் இருபது வருடம் வேலை செய்தவர் தன் முந்தைய கட்டுரையைக் காட்டாமல் எழுத முடியாது. 40-ஐத் தாண்டினால் கட்டுரைகளைத் திறந்து பார்க்க வேண்டும்.

கொல்லிமலை:
பிழையோ மோசடியோ தெரிந்து இதழ் திரும்பப் பெற்ற கட்டுரை இருக்கிறதா என்பதையும் ஒவ்வொரு டி.ஓ.ஐ.க்கும் பாருங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் வைத்திருந்த இந்தப் பட்டியலை 2023-இல் டி.ஓ.ஐ. பதியும் அமைப்பான கிராஸ்ரெஃப் வாங்கி இலவசமாகத் திறந்துவிட்டது. ஒன்று இருந்தாலே ஆளைக் குற்றவாளியாக்கிவிட வேண்டாம். ஆய்வாளரே தவறு கண்டு கேட்டுத் திரும்பப் பெற்றதும் உண்டு, அது நேர்மை. காரணத்தைப் படித்து ஒரே வரியில் எழுதுங்கள்.

மேற்கோள் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். காசுக்குக் கட்டுரை தயாரித்து விற்கும் கட்டுரை ஆலைகளில் இருந்து வந்தவை பெரும் எண்ணிக்கையில் திரும்பப் பெறப்படுகின்றன. 2023 ஒரே ஆண்டில் எல்லா வகையும் சேர்த்து உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றவை 10,000-க்கு மேல். ஆலைக் கட்டுரைகளில் கூலிக்கு மேற்கோள் செருகுவது வழக்கம். அடையாளம் தெரிய வேண்டுமானால் சொற்களைப் பாருங்கள். திருட்டை மறைக்க மென்பொருள் சொல்லை மாற்றும்போது மார்பகப் புற்றுநோய் ‘நெஞ்சு ஆபத்து’ என்று பொருள்படும் ஆங்கிலமாகிவிடும். 2021-இல் கியோம் கபனாக் குழு இவற்றைச் சித்திரவதைப்பட்ட சொற்றொடர்கள் என்று பெயரிட்டது. சம்பந்தமே இல்லாத பொறியியல் இதழ்களில் இருந்து ஒரே மாதத்தில் பத்து மேற்கோள் வந்து விழுந்திருந்தால் அந்தப் பத்தையும் திறந்து, எந்த வாக்கியத்தில் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஆனைமலை:
ஒரு சங்கடம் எனக்கு உண்டுங்க, அதையும் வெச்சிர்றேன். இத்தனை சுத்தம் செஞ்சாலும், மேற்கோள் அளக்காத வேலை நம்ம பக்கம் நிறைய. நூற்பாலைப் பஞ்சுத் தூசியால வர்ற பிசினோசிஸ் நுரையீரல் நோய், தருமபுரி சேலம் பக்கத்து ஃபுளோரைடு தண்ணி, சாயக்கழிவு கலந்த கிணறு. இதை எழுதினா வெளிநாட்டு ஆய்வகம் எதுக்குக் காட்டப்போகுது? மாவட்டச் சுகாதார அலுவலகம் அதைப் படிச்சு ஒரு குடிநீர்த் திட்டத்தையே மாத்தியிருக்கலாம், அது எந்தத் தளத்திலும் ஏறாது.

காலமும் உண்டு. கொல்கத்தாவில் சம்பு நாத் டே காலராக் கிருமியின் நஞ்சை 1959-இல் நேச்சரில் காட்டினார். ரொம்ப நாள் அதை யாரும் பெருசா எடுத்துக்கலை. மேற்கோள் அட்டவணையையே உருவாக்கின யூஜீன் கார்ஃபீல்டு 1986-இல் அவரைப் பத்தித் தனியா எழுதினார். அப்ப டே செத்து ஒரு வருசம் ஆச்சு. அறுபதுகளில் ஒரு குழு அவருடைய எண்ணை மட்டும் பார்த்திருந்தா என்ன முடிவு எடுத்திருக்கும்?

அதனால எண்ணுக்குப் பக்கத்தில், ஆய்வாளர் தானே தேர்ந்த அஞ்சு கட்டுரையை வெச்சு, ஒவ்வொண்ணும் எதை மாத்துச்சுன்னு மூணு வரி எழுதச் சொல்லுங்க. குழுவில் அந்தத் துறை தெரிஞ்ச ஒருத்தராவது அந்த அஞ்சையும் முழுசாப் படிக்கணும்.

நொய்யல்கரை:
எல்லாருக்கும் நன்றிங்க. சுத்தம் செய்த கணக்கு இதோ. கூகுளின் 131-இல் 29 வேறு ஆளுடையது, அதில் பெரும்பங்கு அதே பெயரில் உள்ள ஒரு பொறியியல்காரர் எழுதினது. 14 மாநாட்டுச் சுருக்கம், 11 இரட்டிப்பு. மீதி 77. ஸ்கோபஸில் 68-ம் பிரிந்து கிடந்த 6-ம் சேர்த்து 74. மற்ற 3 ஸ்கோபஸில் இல்லாத இதழ்களில். திரும்பப் பெற்றது ஒன்றும் இல்லை. குறிப்பில் இப்படிப் போடலாமா, பார்த்துச் சொல்லுங்க:

‘கட்டுரைகள் 77: மூல ஆய்வு 58, மீள்பார்வை 11, நோயாளர் அறிக்கையும் கடிதமும் 8. முதல் ஆசிரியர் 14, கடைசி அல்லது தொடர்பாசிரியர் 27, நடு ஆசிரியர் 36. ஸ்கோபஸ் பக்கங்கள் இணைந்த பின் மேற்கோள் 1,480. எல்லா ஆசிரியர்களின் தன்மேற்கோள் நீக்கி 1,265. எச் 18, தன்மேற்கோள் நீக்கி 16. மேற்கோளில் 410 ஒரே மீள்பார்வைக் கட்டுரைக்கு வந்தது. பப்மெட்டில் உள்ள கட்டுரைகளின் ஆர்.சி.ஆர். நடுமதிப்பு 0.9.’

கரூர்க் கணக்கு:
தன்மேற்கோள் 215, அதாவது 14.5 சதவீதம். அதையும் எழுதுங்கள். ஆர்.சி.ஆர். 77-இல் எத்தனை கட்டுரைக்குக் கிடைத்தது என்ற எண் விட்டுப்போயிருக்கிறது, அது இல்லாமல் 0.9-க்குப் பொருள் இல்லை. 410-க்குப் பக்கத்தில், மீதி 1,070 மற்றக் கட்டுரைகளுக்கு வந்தது என்றும் சேர்த்துவிடுங்கள். அவருக்கு நியாயம் செய்யும் எண் அதுதான்.

அலமாரி:
தேதி இல்லை. ஸ்கோபஸுக்கும் ஐசைட்டுக்கும் எடுத்த தேதியைத் தனித்தனியாகப் போடுங்கள். அந்த 3 கட்டுரையின் இதழ்ப் பெயரையும் அடியில் எழுதிவிடுங்கள். இன்னொன்று, அந்தப் பொறியியல்காரருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அவர் பக்கத்தில் இவருடைய கட்டுரைகள் ஏறியிருக்க வாய்ப்பு உண்டு.

நொய்யல்கரை:
அவர் பக்கத்தைத் திறந்து பார்த்தேனுங்க. நாலு இருக்கு. அவருக்கு எழுதி அனுப்பிட்டேன்.